மேகாங் ஆறு: தண்ணிய அளக்குறவங்க ஒரு பக்கம், ஷட்டர திறக்குறவங்க இன்னொரு பக்கம்

கேள்வி இதுதான்: “மேகாங் ஆத்துக்கு ஆறு நாடு பங்காளி, அதுக்குன்னு ஒரு கமிஷன் இருக்கு, வருஷா வருஷம் ஆராய்ச்சி ரிப்போர்ட் போடுறாங்க, ஆனா அணை ஒன்னுகூட நின்ன பாடில்ல. அப்ப இந்த கூட்டு ஆராய்ச்சி, ஒத்துழைப்பு எல்லாம் வெறும் பேப்பர்தானா?”

பாதி பேப்பர்தான்னு ஒத்துக்கிட்டே ஆரம்பிக்கிறேன். மீதி பாதி என்னன்னு சொல்லணும்னா கொஞ்சம் நீளமா போகும், டீ ஏதாச்சும் கையில வச்சுக்கோங்க. நான் ஆத்துல தண்ணி அளக்குற வேலை பாத்தவன், அணை கட்டுனவன் இல்ல, அதனால என் நியாயம் எப்பவும் கரையில நட்டு வச்சிருக்குற அளவுகோல் பக்கமாதான் சாயும், அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

மொதல்ல ஆத்த பாத்துருவோம். திபெத் பீடபூமியில பொறந்து, லான்சாங்ங்கிற பேர்ல சீனாவோட யுன்னான் மலைக்குள்ள எறங்கி, மியான்மார் ஓரத்த தொட்டுட்டு, லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா எல்லாம் தாண்டி வியட்நாம் டெல்டாவுல கடல்ல சேருது, 4,300 கிலோமீட்டருக்கு மேல வரும். வருஷத்துக்கு ஓடுற தண்ணி சுமார் 475 கன கிலோமீட்டர்னு கமிஷன் கணக்கு. நம்ம பாஷையில 16,700 டிஎம்சி பக்கம். மேட்டூர் முழுசா நெறஞ்சாலே 93 டிஎம்சி சொச்சம்தான், அளவு புரிஞ்சிருக்கும். இதுல சீனாவுல இருந்து வர்றது 16 சதவீதம், லாவோஸ்ல இருந்து வர்றதுதான் ரொம்ப அதிகம், 35 சதவீதம்.

இந்த 16-ங்கிற நம்பர் இருக்கே, அதை வச்சு ரெண்டு பக்கமும் ஏமாத்துறாங்க. “சீனாக்காரன் ஆத்தயே அடைச்சிட்டான்”னு வீடியோ போடுறவங்க அதை சொல்லவே மாட்டாங்க, சீன அதிகாரிங்க அதை மட்டும்தான் சொல்லுவாங்க. அது வருஷ சராசரிங்க. மழை இல்லாத கோடை மாசத்துல மேல இருந்து வர்ற தண்ணிதான் ஆத்த ஓட்டுது, அப்ப சீனாவோட பங்கு எங்கயோ போயிரும், தாய்லாந்தோட வடக்கு கோடியில சியாங் சேன்ல நின்னு பாத்தீங்கன்னா உங்க முன்னாடி ஓடுறதுல பெரும்பகுதி சீனாவுல இருந்து வந்த தண்ணிதான்.

அப்புறம் கம்போடியாவுல தொன்லே சாப். இதை புரிஞ்சுக்காம மேகாங் பத்தி பேசவே கூடாதுன்னு நான் சொல்லுவேன். பெரிய ஏரி, அதுல இருந்து ஒரு ஆறு கெளம்பி நோம் பென் ஊர்ல வந்து மேகாங்ல சேருது. கோடையில ஏரித் தண்ணி மேகாங்குக்கு வடியும், அது எல்லா ஊர்லயும் நடக்குறதுதான். ஆனா மழைக்காலம் ஆரம்பிச்சு மேகாங் மட்டம் ஏறுனதும் அந்த ஆறு திரும்பி ஏரிக்குள்ள ஓட ஆரம்பிக்கும். நெஜமாவே திரும்பி ஓடும். 2,500 சதுர கிலோமீட்டர் கெடந்த ஏரி 15,000 வரைக்கும் விரியும், சுத்தி இருக்குற காடு முங்கும், மீனெல்லாம் அந்தக் காட்டுக்குள்ள பூந்து மேஞ்சு பெருக்கும். நவம்பர் வாக்குல மேகாங் எறங்குனதும் ஆறு மறுபடி பழைய பக்கம் திரும்பும், ஊரே கூடி படகுப்போட்டி நடத்தி திருவிழா எடுப்பாங்க, மீன் கூட்டம் கூட்டமா எறங்கி வரும், ஆத்துல வரிசையா பெரிய பை வலை கட்டி அள்ளுவாங்க. ரியெல்னு ஒரு சின்ன மீன், ஏழை வீட்டுக்கும் எட்டுற மீன், அதை உப்பு போட்டு ஊற வச்சு பிராஹோக்னு ஒன்னு பண்ணுவாங்க, வாசனை தாங்காது ஆனா அது இல்லாம அங்க சாப்பாடு இல்ல. அந்த நாட்டு காசுக்கும் ரியெல்னுதான் பேரு, மீன்லருந்துதான் வந்துச்சுன்னு அங்க சொல்லுவாங்க. கீழ் மேகாங் முழுக்க சேத்து வருஷத்துக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல மீன் புடிக்கிறாங்கன்னு கமிஷனோட மதிப்பீடு, உலகத்துல எந்த ஆத்துலயும் இவ்ளோ மீன்பிடி கெடையாது.

இதை ஏன் இவ்ளோ சொல்றேன்னா, இந்த ஆத்துல சண்டை எவ்ளோ தண்ணிங்கிறதுல கம்மி, எப்ப தண்ணிங்கிறதுல அதிகம். மேல இருக்குற அணை மழைக்காலத்துல தேக்கி கோடையில கரண்ட் எடுக்க விடும், அதனால கோடை ஓட்டம் முன்ன விட கூடுது. கேக்க நல்லாதான் இருக்கு, வியட்நாம் டெல்டாவுல உப்புத்தண்ணி ஏறுறது கொஞ்சம் அடங்கும், கோடை நெல்லுக்கும் உதவும். ஆனா மழைக்காலத்துல மட்டம் போதுமான அளவு ஏறலன்னா தொன்லே சாப் திரும்பாது, திரும்புனாலும் லேட்டாகும், காடு முங்காது, மீன் போச்சு. வடக்கு தாய்லாந்துல கோடையில தண்ணி வத்தி தெளியும்போது பாறையில கய்னு ஒரு பாசி வளரும், பொம்பளைங்க எறங்கி சேத்து காயப்போட்டு விப்பாங்க, அணைக்காரங்க சொல்லாம கொள்ளாம ஏத்தி எறக்குனா அது அடிச்சுக்கிட்டு போயிரும். வருஷக் கணக்கு டேபிள்ல இது எதுவும் தெரியாது.

சரி, கமிஷன் கதைக்கு வர்றேன். 1957-ல ஐநாவோட ஆசியப் பொருளாதார ஆணையம், அப்ப எகாஃபேன்னு சொல்லுவாங்க, அதோட நிழல்ல கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, தெற்கு வியட்நாம் நாலும் சேந்து மேகாங் கமிட்டி ஆரம்பிச்சாங்க. இங்க ஒரு சின்ன தகவல், நம்ம ஆளுங்களுக்கே நெறைய பேருக்கு தெரியாது. அந்த எகாஃபேயோட முதல் நிர்வாகச் செயலர் பி. எஸ். லோகநாதன், கமிட்டி உருவான நேரத்துல அந்த நாற்காலியில இருந்தவர் சி. வி. நரசிம்மன் ஐசிஎஸ், ரெண்டு பேரும் தமிழங்க. அதே நரசிம்மன்தான் பின்னாடி ஐநா பொதுச்செயலர் ஊ தாண்ட் காலத்துல நியூயார்க்ல பெரிய பொறுப்புல இருந்தாரு, 1966-ல எம்.எஸ். அம்மா ஐநா சபையில பாடுனதுல அவருக்கும் பங்கு உண்டு.

அந்த கமிட்டியோட முழுப்பேர பாருங்க, கீழ் மேகாங் படுகை ஆய்வுகளை ஒருங்கிணைக்கும் கமிட்டி. பேர்லயே ஆய்வுதான். ஏன்னா அப்ப யாருக்கும் ஆத்த பத்தி எதுவும் தெரியாது, அமெரிக்க ராணுவ இன்ஜினியர் வீலர்ங்கிறவர் தலைமையில ஒரு குழு வந்து பாத்துட்டு, மொதல்ல தண்ணி அளக்குற ஸ்டேஷன் போடுங்க, மேப் போடுங்க, மழை அளங்க, அப்புறம் அணைய பேசலாம்னு எழுதிக் குடுத்தாங்க. 1962-ல கில்பர்ட் ஒயிட்ங்கிற புவியியல்காரர் வந்து, இன்ஜினியரிங் மட்டும் பாத்தா பத்தாது, ஆத்தங்கரை மனுசங்களயும் பாருங்கன்னாரு. அறுபது வருஷத்துக்கு முன்னாடி சொன்னது. சுத்தி போர் நடந்துக்கிட்டு இருந்துச்சு, அதுக்கு நடுவுல நாலு நாட்டு ஆளுங்களும் உக்காந்து அளவு நோட்ட பகிர்ந்துக்கிட்டாங்க. லாவோஸ்ல நாம் ங்கும் அணை 1971-ல கரண்ட் குடுக்க ஆரம்பிச்சுச்சு, அந்த கரண்ட் மேகாங்க தாண்டி தாய்லாந்துக்கு போச்சு, 1975-ல லாவோஸ் கம்யூனிஸ்ட் ஆட்சியா மாறி எல்லையில ரெண்டு நாடும் மொறச்சுக்கிட்டப்பவும் கரண்ட் நிக்கல, பில்லும் நிக்கல.

1975-ல கம்போடியாவுல க்மெர் ரூஜ்ங்கிற தீவிர கம்யூனிஸ்ட் கூட்டம் ஆட்சிக்கு வந்ததும் அவங்க கமிட்டிய விட்டுப் போயிட்டாங்க, 1978-ல இருந்து மூணு நாடு மட்டும் இடைக்கால கமிட்டின்னு ஓட்டுச்சு. இதுல முக்கியமான விஷயம் ஒன்னு இருக்கு, பாதிப் பேர் கவனிக்க மாட்டாங்க. க்மெர் ரூஜ் வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி, 1975 ஜனவரியில நாலு நாடும் போட்ட கூட்டுப் பிரகடனத்துல, மெயின் ஆத்து தண்ணிய மத்தவங்க முன் ஒப்புதல் இல்லாம பெருசா எவனும் தனியா எடுக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. கிட்டத்தட்ட வீட்டோ, அதாவது ஒருத்தன் வேணாம்னா நின்னுரும். தொண்ணூறுகள்ல கம்போடியா திரும்ப வரேன்னப்ப தாய்லாந்து அதை ஏத்துக்கல, ஏன்னா அவங்க வடகிழக்கு பக்கம் வறண்ட பூமிக்கு மேகாங்லருந்து தண்ணி கொண்டு போற திட்டம் வச்சிருந்தாங்க. வியட்நாம் கடைசி ஆளு, கீழ இருக்குறவன், அவனுக்கு வீட்டோ வேணும். இழுத்தடிச்சு இழுத்தடிச்சு 1995 ஏப்ரல் 5-ஆம் தேதி தாய்லாந்து சியாங் ராய்ல நாலு நாடும் கையெழுத்து போட்டு, பழைய கமிட்டி இன்னிக்கு இருக்குற மேகாங் கமிஷனா மாறுச்சு, அந்த ஒப்பந்தத்துல ஒரு வரி வந்துச்சு, முன் கலந்தாய்வுங்கிறது வீட்டோ உரிமையும் இல்ல, மத்தவங்க உரிமைய பாக்காம தன்னிச்சையா தண்ணி எடுக்குற உரிமையும் இல்லன்னு. இன்னிக்கு நீங்க திட்டுற எல்லாத்துக்கும் வேர் அந்த ஒரு வரிதான். ஒருத்தனால தடுக்க முடியாது, இன்னொருத்தனால கேக்காம செய்யவும் கூடாது, அப்ப நடுவுல என்ன மிச்சம்? பேச்சு. பேச்சுக்கு வேணும்ல ஒரு பொதுவான நம்பர், அதுக்குத்தான் இவ்ளோ ஆராய்ச்சி.

அந்த ஒப்பந்தத்துல 6-ஆவது பிரிவு எனக்கு ரொம்ப பிடிச்சது. கோடையில மாசாமாசம் குறைஞ்சபட்ச இயற்கை ஓட்டம் கெடைக்கணும், மழைக்காலத்துல தொன்லே சாப் திரும்பி ஓடுறதுக்கு தேவையான ஓட்டம் இருக்கணும்னு எழுதியே வச்சிருக்காங்க. ஒரு ஆறு திரும்பி ஓடுறத சட்டத்துல எழுதி காப்பாத்துறது வேற எங்கயாச்சும் உண்டான்னு எனக்கு தோணும். ஆனா எவ்ளோ ஓட்டம்ங்கிறத யாராச்சும் சொல்லணும்ல, அதுக்காகத்தான் கம்போடியாவுல கிராட்டி, நோம் பென்னுக்கு மேல தொன்லே சாப் ஆத்துல இருக்குற ப்ரெக் க்டாம் மாதிரி ஸ்டேஷன்ல எல்லாம் பழைய வருஷ அளவ தோண்டி எடுத்து ராப்பகலா உக்காந்து கணக்கு போட்டாங்க, ஓட்டத்தை காக்குற நடைமுறை 2006-ல வந்துச்சு. தரவு பரிமாற்ற விதி 2001, முன் கலந்தாய்வு விதி 2003.

முதல் பரீட்சை சயபுரி அணை. லாவோஸ்ல மெயின் ஆத்து மேல, 1,285 மெகாவாட், அதுல 95 சதவீதம் தாய்லாந்து மின்வாரியத்துக்கு. 2010 செப்டம்பர்ல லாவோஸ் கமிஷன்ல தாக்கல் பண்ணுச்சு, ஆறு மாச கலந்தாய்வு. அதே வருஷம் கமிஷன் ஏற்பாடு பண்ண ஒரு பெரிய சுற்றுச்சூழல் மதிப்பீடு வெளிவந்து, மெயின் ஆத்து அணை எல்லாத்தயும் பத்து வருஷம் தள்ளிப் போடுங்கன்னு சொல்லுச்சு, ஆராய்ச்சி இன்னும் பத்தாதுன்னு. ஆறு மாசம் முடிஞ்சுது, ஏப்ரல் 2011-ல நாலு நாடும் ஒத்துப் போகல, மந்திரிங்க மட்டத்துக்கு விட்டாங்க, டிசம்பர்ல கூடி இன்னொரு ஆய்வு பண்ணலாம்னு முடிவெடுத்தாங்க, 2012 நவம்பர்ல லாவோஸ் பூமி பூஜை போட்டுருச்சு. 2019 அக்டோபர்ல வணிக உற்பத்தி. தாய்லாந்து ஆத்தங்கரை கிராமத்து ஜனங்க தங்களோட மின்வாரியத்து மேலயே நிர்வாக கோர்ட்டுல கேஸ் போட்டாங்க, கடைசியில தள்ளுபடி. என்னைக் கேட்டா அந்த ஜனங்கதான் விஷயத்த சரியா புடிச்சாங்க. அணைய முடிவு பண்றது கமிஷன் மேஜையில இல்ல, கரண்ட் வாங்குற ஒப்பந்தத்துல, கடன் குடுக்குற பேங்க்ல. கமிஷன் ஒப்பந்தத்துல கரண்ட் வாங்குறவன பத்தி ஒரு வார்த்த கெடையாது.

ஆனா ஒன்னு, கலந்தாய்வுல வந்த கேள்வியால சயபுரி டிசைன் மாறுச்சு, அதயும் சொல்லணும். வண்டல் அடியில போயி வெளியேறுறதுக்கு மதகு, மீன் ஏறிப் போக வழி, இதுக்கெல்லாம் கம்பெனி நெறைய செலவு பண்ணுச்சு. அது வேலை செய்யுதாங்கிறது வேற. மீன் படிக்கட்டுங்கிறது ஐரோப்பா, அமெரிக்காவுல சால்மன் மாதிரி துள்ளி ஏறுற மீனுக்கு செஞ்சது, மேகாங்ல எண்ணூறு இனத்துக்கு மேல இருக்கு, சுண்டுவிரல் சைஸ்லருந்து 2022 ஜூன்ல கம்போடியாவுல புடிபட்ட 300 கிலோ திருக்கை வரைக்கும். அந்தத் திருக்கைதான் பதிவான நன்னீர் மீன்லயே பெருசு, டேக் கட்டி திரும்ப ஆத்துலயே விட்டாங்க. 300 கிலோ திருக்கைக்கு படிக்கட்டு கட்டுற இன்ஜினியர் இன்னும் பொறக்கல.

மந்திரிங்க ஒத்துக்கிட்ட அந்த ‘இன்னொரு ஆய்வு’ இருக்கே, அதை தள்ளிப்போடுற தந்திரம்னுதான் எல்லாரும் நெனச்சாங்க, நானும்தான். கவுன்சில் ஸ்டடின்னு பேரு, ஆறேழு வருஷம் இழுத்து முடிச்சாங்க. ஆனா முடிவு படு காரமா வந்துச்சு. திட்டமிட்ட 11 மெயின் ஆத்து அணையும் நூத்துக்கு மேல கிளை ஆத்து அணையும் 2040-க்குள்ள வந்தா டெல்டாவுக்கு வர்ற வண்டல் 97 சதவீதம் வரைக்கும் போயிரும், மீன் வளம் 40-லருந்து 80 சதவீதம் வரைக்கும் குறையும்னு எழுதிட்டாங்க. கவனிங்க, இதை எழுதுனது ஏதோ என்ஜிஓ இல்ல, அணை கட்டுற லாவோஸும் கரண்ட் வாங்குற தாய்லாந்தும் உறுப்பினரா இருக்குற அமைப்பு. இதுக்கப்புறம் எந்த கூட்டத்துலயும் “பாதிப்பு இருக்குன்னு யார் சொன்னா”ன்னு கேக்க முடியாம போச்சு.

கேள்வியில ‘ஒன்னுகூட நின்ன பாடில்ல’ன்னு இருக்கு, அது சரியில்ல. கம்போடியாவுல சம்போர்னு ஒரு அணை, 2,600 மெகாவாட், சயபுரி மாதிரி ரெண்டு. கம்போடிய அரசே கேட்டு நடந்த ஆய்வு, இந்த இடத்துல இதை கட்டுனா ஆத்தயே கொன்னுரும்னு சொல்லிருச்சு. 2020-ல கம்போடியா அடுத்த பத்து வருஷத்துக்கு மெயின் ஆத்துல அணை இல்லன்னு அறிவிச்சுது. ஆராய்ச்சி மட்டும் காரணம்னு நான் சொல்லல, சோலார் விலை எறங்குனது, மீனவங்க ஓட்டு, எல்லாம் இருந்திருக்கும். ஆனா மீன் எவ்ளோ, எப்ப எங்க போகுதுன்னு வருஷக்கணக்கா எண்ணி வச்சிருக்கலன்னா இந்த வாதமே வந்திருக்காது. எண்ணுனது யாருங்கிறீங்க, பாதிக்குப் பாதி மீனவங்கதான், நோட்டு குடுத்துருவாங்க, இன்னிக்கு என்ன வலை, எவ்ளோ நேரம், என்ன மீன், எத்தனை கிலோன்னு தினமும் எழுதி வப்பாங்க. என் கண்ணுக்கு இந்த மொத்த ஏற்பாட்டுலயும் ரொம்ப உருப்படியான ஆராய்ச்சி அதுதான்.

இப்ப சீனா. சீனாவும் மியான்மாரும் கமிஷன்ல உறுப்பினர் இல்ல, 1996-லருந்து ‘பேச்சுவார்த்தை பங்காளி’, அதாவது கல்யாணத்துக்கு வருவாங்க, மொய் நோட்டுல பேர் இருக்காது. ஐநாவோட 1997 நீர்வழி ஒப்பந்தத்துக்கு எதிரா ஓட்டுப் போட்டது உலகத்துலயே மூணே நாடு, சீனா, துருக்கி, புருண்டி. அந்த ஒப்பந்தம் 2014-ல அமலுக்கு வந்ததே 35-ஆவது நாடா வியட்நாம் சேந்ததாலதான், கீழ இருக்குறவனுக்குத்தானே வலி. சீனா தன் பக்கம் மெயின் ஆத்துல 11 பெரிய அணைக்கு மேல கட்டிருச்சு, அதுல சியாவோவான், நுவோசாடு ரெண்டும்தான் ராட்சசன், ரெண்டும் சேந்து கொள்ளளவு 1,200 டிஎம்சிக்கு மேல. பதிமூணு மேட்டூர்னு வச்சுக்கோங்க. மத்த அணையெல்லாம் வந்த தண்ணிய விடுறது, இந்த ரெண்டும்தான் மழைக்காலத்து தண்ணிய கோடைக்கு தள்ளுறது.

தரவு விஷயத்துல சீனாவோட 2002-ல மொத ஒப்பந்தம். யுன்னான்ல ரெண்டு ஸ்டேஷன், ஜிங்ஹோங்கும் மான்ஆனும், வெள்ளக்காலத்துல மட்டும் ஆத்து மட்டமும் மழையும் அனுப்புவாங்க. கோடைக்கு கெடையாது. வெள்ளத்துல எச்சரிக்கை வேணும்ங்கிறது எல்லாருக்கும் ஒத்து வர்ற விஷயம், கோடைத் தண்ணிதான் கௌரவப் பிரச்சனை. அதுக்கப்புறம் 2016-ல டெல்டாவுல கடும் வறட்சி, உப்பு உள்ள ஏறி நெல்லு போச்சு, வியட்நாம் கேட்டுச்சு, மார்ச் நடுவுலருந்து ஏப்ரல் வரைக்கும் சீனா ஜிங்ஹோங் அணையிலருந்து நொடிக்கு 2,000 கன மீட்டர், நம்ம கணக்குல 70,000 கனஅடி, திறந்து விட்டுச்சு. சரியா அதே மார்ச்ல சீனா தலைமையில லான்சாங்-மேகாங் ஒத்துழைப்புன்னு புது அமைப்போட முதல் தலைவர்கள் மாநாடு. தேதி பொருத்தம் அருமை. இருந்தாலும் சீனாவும் கமிஷனும் சேந்து அந்தத் தண்ணி எங்க எவ்ளோ மட்டத்த ஏத்துச்சு, உப்பு எவ்ளோ குறைஞ்சுதுன்னு கூட்டா ஆய்வு பண்ணி ரிப்போர்ட் போட்டாங்க, அது நல்ல வேலை. மட்டம் ஏறுனது உண்மை. அதே ரிப்போர்ட்ட நீங்க இன்னொரு மாதிரியும் படிக்கலாம், மேல இருக்குறவன் ஷட்டர தொட்டா கடல் ஓரத்துல உப்பு மாறுதுன்னு அவனே கையெழுத்து போட்டு ஒத்துக்கிட்ட மாதிரி.

2019 மோசமான வருஷம். பருவமழை லேட்டு, சீக்கிரமும் முடிஞ்சுது, எல் நினோ வேற. ஜூலையில மின் லைன் பராமரிப்புன்னு ஜிங்ஹோங்ல ஓட்டத்த பாதியா குறைச்சாங்க, சொல்லிட்டுதான் குறைச்சாங்க, ஆனா நேரம் பாருங்க. வருஷக் கடைசியில தாய்லாந்து நகோன் பனோம் பக்கம் காப்பி கலர்ல ஓட வேண்டிய ஆறு கடல் மாதிரி நீலமா நின்னுச்சு. டூரிஸ்ட் போட்டோ எடுத்தாங்க, தண்ணிய தெரிஞ்சவங்களுக்கு வயிறு கலங்குச்சு, நீலம்னா வண்டல் இல்லன்னு அர்த்தம், அதுவும் பசிச்ச தண்ணி, கரைய அரிக்கும். 2019-லயும் 2020-லயும் தொன்லே சாப் திரும்புனது லேட்டு, ஏரிக்கு போன தண்ணியும் குறைச்சல்.

2020 ஏப்ரல்ல ஐஸ் ஆன் எர்த் (Eyes on Earth)னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சிக் குழு, அமெரிக்க அரசு பணத்துல, ஒரு ஆய்வு விட்டாங்க. அவங்க பண்ணது சிம்பிள். சேட்டிலைட்டோட மைக்ரோவேவ் அளவுலருந்து மேல சீனப் பகுதி நெலம் எவ்ளோ ஈரமா இருக்குன்னு தெரியும், அதுக்கும் சியாங் சேன் ஸ்டேஷன்ல தண்ணி மட்டத்துக்கும் பெரிய அணை வர்றதுக்கு முன்னாடி என்ன உறவு இருந்துச்சுன்னு கணக்கு போட்டு, அணை இல்லன்னா இன்னிக்கு எவ்ளோ வந்திருக்கணும்னு பாத்தாங்க. மேல ஈரம் சராசரிக்கு மேல, கீழ வறட்சின்னு முடிவு. ஒரே களேபரம். யுன்னான்லயும் வறட்சிதான்னு சீனா சொல்லுச்சு, அணையால வறட்சி குறையத்தான் செய்யுதுன்னு சிங்ஹுவா பல்கலைக்கழகத்துல இருந்து மறுப்பு ஆய்வு வந்துச்சு, கமிஷனும் முக்கிய காரணம் மழைதான், முடிவு சொல்ல இன்னும் தரவு வேணும்னு இழுத்துச்சு. என் கருத்த கேட்டா, அந்த ஆய்வுல ஓட்டை உண்டு, ஒரே ஒரு ஸ்டேஷன், ஈரத்துலருந்து ஓட்டத்துக்கு தாவுறது கொஞ்சம் முரட்டுத்தனம், மழைக்காலத்த வச்சு கோடைய பேசக் கூடாது. சிங்ஹுவா ஆய்வும் கோடை ஓட்டம் கூடுறதயே காட்டிக்கிட்டு மழைக்கால வீழ்ச்சிய ஓரமா தள்ளிருச்சு.

ஆனா அந்த சண்டையோட பலன வேற எடத்துல பாருங்க. 2020 அக்டோபர்ல சீனா வருஷம் பூராவும் தரவு குடுக்க கமிஷனோட ஒப்பந்தம் போட்டுச்சு. பதினெட்டு வருஷமா கேட்டு கெடைக்காதது. டிசம்பர்ல ஸ்டிம்சன் சென்டர்னு வாஷிங்டன்ல இருக்குற அமைப்பு, மேகாங் டேம் மானிட்டர்னு சேட்டிலைட் படத்துலருந்து அணை மட்டத்த வாரா வாரம் போட ஆரம்பிச்சுது, ரேடார் படம் மேகத்துக்குள்ளயும் பாக்கும், ஒளிச்சு வைக்க முடியாது. ஏப்ரல் சண்டைக்கும் அக்டோபர் ஒப்பந்தத்துக்கும் நேரடி சம்பந்தம்னு நான் நிரூபிக்க முடியாது, தேதிய மட்டும் பாத்துக்கோங்க. வெளிய இருந்து ஒருத்தன் எட்டிப் பாக்குறான்னு தெரிஞ்சதும் உள்ள இருக்குறவன் தானே ஜன்னல தொறக்குறது மனுஷ சுபாவம். இப்ப கமிஷனும் லான்சாங்-மேகாங் பக்கத்து ஆளுங்களும் சேந்து கூட்டு ஆய்வு பண்றாங்க, 2023-ல முதல் கட்ட ரிப்போர்ட் வந்துருச்சு, ஓட்டம் மாறிப்போனதுல அணைக்கும் பங்கு இருக்குங்கிறது இப்ப ரெண்டு பக்கமும் ஏத்துக்கிட்ட பேச்சு.

எங்க இன்னும் சிக்குதுன்னா, ஒப்பந்தப்படி வர்றது மழையும் ஆத்து மட்டமும். அதாவது நடந்து முடிஞ்சது. அணையில இப்ப எவ்ளோ இருக்கு, அடுத்த வாரம் எவ்ளோ விடப் போறீங்கங்கிறது கணக்குல இல்ல. கரையில மெளகாய் நட்டவனுக்கு, வலை கட்டுனவனுக்கு, நேத்து எவ்ளோ ஓடுச்சுன்னு தெரிஞ்சு என்ன ஆகப் போவுது, அவன் கண்ணாலயே பாத்துட்டான். நாளைக்கு வேணும் அவனுக்கு.

எல்லா பழியும் சீனா மேல போடுறவங்களுக்கு ஒரு வார்த்த. கீழ இருக்குறவன்னு அழுகுற வியட்நாமே, மேகாங்ல வந்து சேர்ற செசான்ங்கிற கிளை ஆத்துல மேல இருக்குறவன். அங்க யாலி அணைய கட்டும்போதும் ஓட்டும்போதும், 96-லருந்து 2000 வரைக்கும், சொல்லாம திறந்த தண்ணி கம்போடியா ரத்தனக்கிரி பக்கம் கிராமத்த அடிச்சுக்கிட்டு போச்சு, ஆள் செத்தாங்க. கம்போடியா கமிஷன் மூலமா பேசி முன்னறிவிப்பு ஏற்பாடு வந்ததெல்லாம் அதுக்கப்புறம்தான். 2018 ஜூலையில லாவோஸ்ல சே பியான் சே நாம்நோய் துணை அணை ஒடைஞ்சப்ப அந்த வெள்ளம் எல்லை தாண்டி கம்போடியாவுக்கும் வந்துச்சு. டெல்டா தாழ்றதுக்கும் வியட்நாமோட சொந்தக் கைங்கரியம் நெறைய, ஆத்து மணல அள்ளுறது, போர் போட்டு நெலத்தடி நீர உறிஞ்சுறது, மூணு போகத்துக்காக உசரமா கரை கட்டி வண்டல வயலுக்குள்ள விடாம பண்ணது. மணல் பத்தி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல.

புது சண்டை ஃபுனான் டெச்சோ கால்வாய். நோம் பென் பக்கத்துலருந்து கம்போடியா கடற்கரை வரைக்கும் 180 கிலோமீட்டர்னு போட்ட திட்டம், கப்பல் போக. 2023 ஆகஸ்ட்ல கம்போடியா கமிஷனுக்கு வெறும் அறிவிப்பா குடுத்துச்சு, கிளை ஆத்து திட்டம், கலந்தாய்வு தேவையில்லன்னு. வியட்நாம் இன்னும் தகவல் குடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு, 2024 ஆகஸ்ட் 5-ல வேலை ஆரம்பிச்சுட்டாங்க. சயபுரிக்கு கூச்சல் போட்ட அதே கம்போடியா. கட்டுறவன் எடத்துக்கு வந்துட்டா எல்லாரும் ஒரே மாதிரிதான் வாசிக்கிறாங்க, ஒப்பந்தத்துல எந்த வார்த்தை தனக்கு லேசோ அந்த வார்த்தைய.

கமிஷனுக்கு காசு எங்கருந்து வருதுன்னும் பாத்துருவோம். ரொம்ப நாள் ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஜப்பான் மாதிரி நாட்டுக் காசுலதான் கமிஷன் ஓடுச்சு, தலைவரும் வெளிநாட்டுக்காரர்தான், 2016-லதான் முதல் முறையா உறுப்பு நாட்டுலருந்து, வியட்நாம்காரர் ஒருத்தர், வந்தாரு. 2030-க்குள்ள சொந்தக் காசுல நிக்கணும்னு இலக்கு. நல்லதுதான், ஆனா வெளிக்காசு போச்சுன்னா மொதல்ல வெட்டு விழுறது வண்டல் அளக்குறதுலயும் மீன் எண்ணுறதுலயும்தான் இருக்கும், மாநாட்டு சாப்பாட்டுல இருக்காது.

பேப்பர்தானான்னு நீங்களே பாத்து முடிவு பண்ண ஒரு வழி இருக்கு. கமிஷன் தளத்துல தினசரி மட்டம் இலவசமாவே போடுறாங்க. அடுத்த மே கடைசியிலருந்து நோம் பென், ப்ரெக் க்டாம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு தினம் பாத்துக்கிட்டு வாங்க, கூடவே டேம் மானிட்டர்ல நுவோசாடு எவ்ளோ நெறையுதுன்னும் பாருங்க. கோடையில அளவு கம்மியாகிக்கிட்டே வந்த ப்ரெக் க்டாம்ல ஒரு நாள் மட்டம் ஏற ஆரம்பிக்கும், நோம் பென் மட்டம் அதை தாண்டுற வாக்குல தண்ணி ஏரிப் பக்கமா திரும்பும். அது எந்த தேதியில நடந்துச்சுன்னு குறிச்சு வச்சுக்கிட்டு வந்து இங்கயே போடுங்க, அப்ப மேற்கொண்டு பேசலாம்.